லேப்டாப்பிலிருந்து ஆறு சேனலும் வர வேண்டுமென்றால்

வீட்டில் 5.1 ஹோம் தியேட்டர் இருக்கிறது. லேப்டாப்பில் நல்ல படம் ஒன்று இருக்கிறது. இரண்டையும் இணைக்கப் பலரும் கையில் எடுப்பது, ஒரு முனையில் ஹெட்ஃபோன் பின்னும் மறுமுனையில் சிவப்பு, வெள்ளை ஆர்சிஏ பின்களும் உள்ள ஒயரைத்தான். செருகியதும் சத்தம் வந்துவிடும். முன்னால் இருக்கும் இரண்டு ஸ்பீக்கரும் பாடும், சப்வூஃபர் கொஞ்சம் உறுமும். வேலை முடிந்தது என்று நினைத்து உட்கார்ந்துவிடுகிறோம். பின்சுவரில் ஆணி அடித்து மாட்டிய இரண்டு ஸ்பீக்கரும் வாயே திறக்காது. ஆம்ப்பில் ஏதாவது ஒரு பட்டனை அமுக்கினால், முன்னால் வருகிற அதே பாட்டை அவையும் சேர்ந்து பாடும்.

அதை சரவுண்ட் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. ஒரு படத்தின் ஒலிக்கலவையில் ராத்திரி பகலாக உட்கார்ந்தவர்கள் மழையை நம் முதுகுக்குப் பின்னால் வைத்திருப்பார்கள், வசனத்தைத் திரையின் நடுவில் வைத்திருப்பார்கள், லாரி ஒன்று இடது பக்கமிருந்து பின்னால் போவதைக் காதுக்குக் காட்டியிருப்பார்கள். நம் வீட்டு ஒயர் அத்தனையையும் இரண்டாக மடித்துப் போட்டுவிடுகிறது. காசு போட்டு ஆறு ஸ்பீக்கர் வாங்கியவருக்கு அந்த ஆறும் கேட்க வேண்டும் என்பது என் கட்சி. லேப்டாப்பிலிருந்து ஒலியை டிஜிட்டலாக வெளியே எடுப்பது பெரிய வித்தையும் அல்ல, பெரிய செலவும் அல்ல. எந்த ஒயர் எதைச் சுமக்கும் என்று தெரிந்தால் போதும்.

ஹெட்ஃபோன் ஓட்டையில் என்ன நடக்கிறது என்று முதலில் பார்த்துவிடலாம். அது இரண்டு காதுக்காகச் செய்தது. இடது, வலது, அவ்வளவுதான். 5.1 படம் ஓடும்போது பிளேயர் ஆறு சேனலையும் இரண்டாகக் கலந்துதான் அங்கே அனுப்பும். நடு சேனலில் இருக்கும் வசனத்தைப் பொதுவாக 3 டெசிபல் குறைத்து இடதுக்கும் வலதுக்கும் பங்கு போடும். பின் சேனல்களையும் குறைத்து முன்னால் சேர்க்கும். அந்த '.1' இருக்கிறதே, இடிக்கும் வெடிக்கும் என்றே தனியாக ஒதுக்கிய, 120 ஹெர்ட்ஸுக்குக் கீழே வேலை செய்கிற சேனல், அதை வழக்கமான டால்பி கலவை முறையில் சேர்ப்பதே இல்லை. "பாட்டு காதைப் பிளக்குது, பேசறது கேட்கவே மாட்டேங்குது" என்று ரிமோட்டைக் கையில் பிடித்துக்கொண்டே படம் பார்க்கிறோமே, அந்தத் தொல்லையில் பாதி இங்கேதான் தொடங்குகிறது. வசனம் தனி சேனலாகவே சென்டர் ஸ்பீக்கருக்குப் போனால், அதை மட்டும் ரிசீவரில், அதாவது டிஜிட்டல் ஒலியைப் பிரிக்கத் தெரிந்த ஆம்ப்பில், இரண்டு மூன்று டெசிபல் ஏற்றி வைத்துக்கொள்ளலாம். கலந்த பிறகு பிரிக்க வழியில்லை.

இரைச்சல் இன்னொரு தலைவலி. சார்ஜரைச் செருகினால் ஸ்பீக்கரில் 'ம்ம்ம்' என்று ஒரு ஓசை, பிடுங்கினால் அமைதி. லேப்டாப்பும் ஆம்ப்பும் வேறு வேறு வழியாக எர்த்தைத் தொடும்போது ஆடியோ ஒயரின் வெளிக்கம்பி வழியாகச் சின்ன மின்னோட்டம் ஒன்று ஓடும். ஆம்ப் அதையும் பெருக்கி ஸ்பீக்கருக்கு அனுப்பிவிடுகிறது. எர்த்திங் சரியில்லாத வீடுகளில் இது இன்னும் மோசம், நம் ஊரில் அப்படிப்பட்ட வீடுகள் ஏராளம். ஆப்டிகல் ஒயரில் இந்த வம்பே கிடையாது. அதில் போவது வெளிச்சம், அதனால் லேப்டாப்பையும் ஆம்ப்பையும் மின்சாரமாக எதுவும் இணைப்பதில்லை.

ஆப்டிகல் என்றதும் அதன் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எஸ்பிடிஐஎஃப் என்ற பெயரில் இருக்கும் 'எஸ்'ஸும் 'பி'யும் சோனியும் பிலிப்ஸும். சிடி பிளேயர் காலத்தில், வீட்டுக் கருவிகள் ஒன்றுக்கொன்று டிஜிட்டலாகவே ஒலியை அனுப்பிக்கொள்ள வந்த ஏற்பாடு அது. அதற்கு இரண்டு வகை ஒயர் உண்டு. ஒன்று கோஆக்ஸியல், ரிசீவருக்குப் பின்னால் பெரும்பாலும் ஆரஞ்சு அல்லது கறுப்பு வளையத்தோடு இருக்கும் ஒற்றை ஆர்சிஏ. இன்னொன்று டோஸ்லிங்க், தோஷிபா நிறுவனம் 1983-இல் கொண்டுவந்த ஆப்டிகல் ஒயர். சதுர முகம், உள்ளே எட்டிப் பார்த்தால் சிவப்பு வெளிச்சம். இரண்டிலும் போகும் விஷயம் ஒன்றுதான்.

இதன் அளவைப் புரிந்துகொண்டால் மீதிக் குழப்பம் எல்லாம் தீர்ந்துவிடும். ஒரு சேனலுக்கு நொடிக்கு 48,000 மாதிரிகள், ஒவ்வொன்றும் 16 பிட் என்றால் 7,68,000 பிட். ஸ்டீரியோவுக்கு 15,36,000. ஆறு சேனலுக்கு 46,08,000. எஸ்பிடிஐஎஃப் ஒயரின் அமைப்பே இரண்டு சேனலுக்கானது. சுருக்காத ஒலியாக அதில் ஸ்டீரியோவைத் தாண்டி எதையும் அனுப்ப முடியாது. இரண்டு பேர் மட்டும் சேர்ந்து நடக்கக்கூடிய சந்து என்று வைத்துக்கொள்ளுங்கள், ஆறு பேர் அதே வேகத்தில் போக வேண்டுமென்றால் உடம்பைச் சுருக்கிக்கொள்ள வேண்டும். டால்பி டிஜிட்டலும் டிடிஎஸ்ஸும் அதைத்தான் செய்கின்றன. டிவிடியில் டால்பி டிஜிட்டல் 5.1 அதிகபட்சம் நொடிக்கு 448 கிலோபிட், ப்ளூ-ரேயில் 640. டிடிஎஸ் 1,509 வரை போகும். எல்லாமே ஸ்டீரியோ எடுத்துக்கொள்ளும் 1,536-க்குள் அடங்கிவிடுகிறது. ஆகவே சுருக்கிய கட்டு அப்படியே ஆப்டிகலில் போய், ரிசீவரில் ஆறாக விரியும். டால்பி ட்ரூஎச்டி, டிடிஎஸ்-எச்டி மாஸ்டர் ஆடியோ போன்ற இழப்பில்லாத வகைகளுக்கு இந்தச் சந்தில் இடம் கிடையாது. உயரத்து ஸ்பீக்கர்களுக்கும் ஒலி தரும் அட்மாஸுக்கும் இல்லை.

தியேட்டரில் டால்பி டிஜிட்டல் 1992-இல் 'பேட்மேன் ரிட்டர்ன்ஸ்' படத்தோடும், டிடிஎஸ் 1993-இல் 'ஜுராசிக் பார்க்' படத்தோடும் வந்தன. 1995-இல் 'குருதிப்புனல்' டால்பி ஸ்டீரியோவில் வந்தபோது போஸ்டரில் ஒலியின் பெயரைப் பார்த்துப் படத்துக்குப் போனவர்கள் நம் தலைமுறையில் நிறையப் பேர். அந்த ஆசையில்தான் இன்று வீட்டில் ஆறு ஸ்பீக்கர் மாட்டியிருக்கிறோம்.

சரி, லேப்டாப்பில் ஆப்டிகல் எங்கே? ஒரு காலத்தில் ஹெட்ஃபோன் ஓட்டைக்குள்ளேயே ஒளித்து வைத்திருந்தார்கள். 2016-க்கு முந்தைய மேக்புக் ப்ரோ பலவற்றில் உண்டு. அந்தக் காலத்து விண்டோஸ் லேப்டாப் சிலவற்றிலும் உண்டு. ஓட்டைக்குள் சிவப்பாக ஏதாவது மின்னினால் உங்கள் லேப்டாப்புக்கும் அந்த வசதி இருக்கிறது என்று அர்த்தம். ஆப்டிகல் ஒயரின் நுனியில் போடுகிற 3.5 மி.மீ. மினி டோஸ்லிங்க் அடாப்டர் ஒன்று வாங்கினால் போதும். இப்போது வரும் லேப்டாப்புகளில் அநேகமாக இது இல்லை. ஆனால் விண்டோஸின் ஒலிப் பட்டியலில் 'ரியல்டெக் டிஜிட்டல் அவுட்புட்' என்று ஒரு பெயர் மட்டும் நிற்கும். அதைப் பார்த்துவிட்டு எங்கேயோ ஓட்டை இருக்கிறது என்று லேப்டாப்பைத் திருப்பித் திருப்பித் தேடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். சவுண்ட் சிப்புக்கு அந்தத் திறமை உண்டு, தயாரித்தவர்கள் வெளியே ஓட்டை வைக்கவில்லை. அவ்வளவுதான் விஷயம். தேட வேண்டாம்.

பாளையங்கோட்டையில் சித்தப்பா வீட்டில் பழைய ரிசீவர் ஒன்று இருக்கிறது. எச்டிஎம்ஐ வருவதற்கு முன்னால் வாங்கியது, கல் மாதிரி கனம், இன்றைக்கும் அதன் சத்தத்துக்கு நான் அடிமை. பின்னால் ஆப்டிகல் இரண்டு, கோஆக்ஸியல் ஒன்று. எச்டிஎம்ஐ கிடையாது. அவர் வாங்கிய புது லேப்டாப்பில் எச்டிஎம்ஐ உண்டு, ஆப்டிகல் கிடையாது. "ஏல, பின்னாடி ரெண்டும் பேசவே மாட்டேங்கு" என்று போனில் சொல்லிக்கொண்டே இருந்தார்.

சென்னை ரிச்சி தெருவில் ஒரு கடையில் கேட்டேன். "அண்ணே, எச்டிஎம்ஐ உள்ளே போய் ஆப்டிகல் வெளியே வர்ற பெட்டி வேணும்." கடைக்காரர் தலையை நிமிர்த்தாமலே, "எக்ஸ்ட்ராக்டரா தம்பி? டிவிக்கா, லேப்டாப்புக்கா?" என்று கேட்டு, தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு உலோகப் பெட்டியை எடுத்து வைத்தார். ஒரு பக்கம் எச்டிஎம்ஐ உள்ளே. மறு பக்கம் எச்டிஎம்ஐ வெளியே, அது டிவிக்கு. பக்கத்தில் ஆப்டிகல். ஓரத்தில் நகத்தால் தள்ளுகிற மாதிரி ஒரு சின்ன சுவிட்ச், அதில் மூன்று இடம்: 2 சேனல், 5.1 சேனல், பாஸ். இந்தச் சுவிட்சில்தான் எல்லாமே இருக்கிறது. அது 2 சேனலில் நின்றால், எதிரே இருப்பது ஸ்டீரியோ கருவி என்று பெட்டி லேப்டாப்பிடம் சொல்லிவிடும். அப்புறம் லேப்டாப் டால்பி அனுப்ப வாய்ப்பில்லை. 5.1-க்குத் தள்ளிவிட வேண்டும்.

ஊருக்குப் போய் எல்லாம் மாட்டினோம். ரிசீவர் மௌனம். "ஒயரு செத்துப்போச்சு போலருக்குல" என்றார் சித்தப்பா. ஆப்டிகல் ஒயரைக் கழற்றிப் பார்த்தால், நுனியில் கண்ணுக்கே தெரியாத மாதிரி ஒரு குட்டி பிளாஸ்டிக் மூடி. தூசி படாமல் இருக்கப் புது ஒயரில் இரண்டு முனையிலும் போட்டு அனுப்புவார்கள், கண்ணாடி போலவே இருக்கும். இரண்டையும் பிடுங்கிவிட்டு அழுத்தியதும் 'க்ளிக்' என்று உட்கார்ந்தது. ரிசீவரின் முன்பலகையில் 'பிசிஎம்' என்று வந்தது. பிசிஎம் என்றால் சுருக்காத ஒலி, ஆப்டிகலில் அப்படி வந்தால் அது ஸ்டீரியோ. விஎல்சியில் டூல்ஸ், ப்ரிஃபரன்சஸ், ஆடியோ என்று போய், எச்டிஎம்ஐ, எஸ்பிடிஐஎஃப் பாஸ்த்ரூ என்று இருப்பதை, அதாவது சுருக்கிய கட்டைப் பிரிக்காமல் அப்படியே அனுப்பும் வசதியை, எனேபிள் செய்து, படத்தை நிறுத்தி மறுபடி ஓட்டினேன். முன்பலகை ஒரு கணம் வெறுமையாகி, 'டால்பி டிஜிட்டல்' என்று எரிந்தது. சித்தப்பா நேராகப் பின்சுவருக்குப் போய் ஸ்பீக்கரில் காதை வைத்துக் கேட்டார். அடுக்களையிலிருந்து வந்த சித்திதான் தீர்ப்பு சொன்னார்: "இப்பதான் பேசறது வெளங்குது."

வசனம் நடு ஸ்பீக்கருக்குப் போனதன் பலன் அது. ரிசீவர் பழையதே என்று தூக்கிப் போட நினைக்கும் யாருக்கும் இதைத்தான் சொல்வேன். நல்ல டிரான்ஸ்ஃபார்மர் போட்ட பழைய ரிசீவரை விற்றுவிட்டு மெலிதான சவுண்ட்பார் வாங்காதீர்கள். ஒரு பெட்டியும் ஒரு ஆப்டிகல் ஒயரும் போதும்.

ரிசீவரில் எச்டிஎம்ஐ இருந்தால் வழி இன்னும் சுலபம், இன்னும் நல்லது. எச்டிஎம்ஐ 2002-இல் வெளியான முதல் பதிப்பிலிருந்தே எட்டு சேனல் சுருக்காத ஒலியைச் சுமக்கும். 2006-இல் வந்த 1.3 பதிப்பிலிருந்து ட்ரூஎச்டியும் டிடிஎஸ்-எச்டியும் கட்டுக் குலையாமல் போகும். அட்மாஸும் அந்தக் கட்டுக்குள்ளேயேதான் வருகிறது. ஆகவே ஒரே ஒயரில் படமும் ஒலியும்.

எந்த வரிசையில் மாட்டுகிறோம் என்பதில்தான் நிறையப் பேருக்குச் சறுக்குகிறது. லேப்டாப்பிலிருந்து எச்டிஎம்ஐ ஒயரை நேராக ரிசீவருக்குக் கொடுங்கள். ரிசீவரின் அவுட்டிலிருந்து டிவிக்குக் கொடுங்கள். டிவியை நடுவில் வைக்காதீர்கள். காரணம் இதுதான்: ஒயர் மாட்டியதும் எதிர்முனையில் இருக்கும் கருவி, தனக்கு எத்தனை சேனல் முடியும், டால்பி தெரியுமா, டிடிஎஸ் தெரியுமா என்று லேப்டாப்புக்கு ஒரு குறிப்பு அனுப்பும். இடிஐடி என்பது அதன் பெயர். எதிர்முனையில் டிவி இருந்தால், அதற்கு இருப்பது இரண்டு ஸ்பீக்கர், ஆகவே பல டிவிகள் 'ஸ்டீரியோ மட்டும்' என்று எழுதி அனுப்பிவிடும். லேப்டாப்பும் சொன்ன பேச்சைக் கேட்டு இரண்டு சேனல்தான் அனுப்பும். பிறகு டிவியின் ஆப்டிகலிலிருந்து ஹோம் தியேட்டருக்கு எவ்வளவு நல்ல ஒயர் போட்டாலும் வருவது அந்த இரண்டுதான்.

டிவி வழியாகத்தான் போயாக வேண்டும் என்றால், டிவியிலும் ஆம்ப்பிலும் இஏஆர்சி இருக்கிறதா என்று பாருங்கள். டிவியிலிருந்து ஒலியை எச்டிஎம்ஐ ஒயரிலேயே ஆம்ப்புக்குத் திருப்பி அனுப்ப, 2017-இல் வெளியான எச்டிஎம்ஐ 2.1 பதிப்போடு வந்த வசதி அது, எட்டு சேனல் சுருக்காத ஒலியும் அதில் போகும். வெறும் ஏஆர்சி என்றால் ஸ்டீரியோ பிசிஎம், டால்பி டிஜிட்டல், டால்பி டிஜிட்டல் பிளஸ் என்ற அளவோடு நின்றுவிடும். டிடிஎஸ்ஸை வெளியே விடாத டிவிகளும் உண்டு.

மெலிதான லேப்டாப்பில் எச்டிஎம்ஐ ஓட்டை இல்லாவிட்டால் யுஎஸ்பி-சி இருக்கும். அதிலிருந்து எச்டிஎம்ஐக்குப் போகும் அடாப்டர் எல்லாக் கடையிலும் கிடைக்கிறது. ஆனால் எல்லா யுஎஸ்பி-சி ஓட்டையும் படம் அனுப்பாது, சில சார்ஜுக்கும் கோப்பு மாற்றவும் மட்டும்தான். ஓட்டைக்குப் பக்கத்தில் தண்டர்போல்ட்டின் மின்னல் குறியோ, டிஸ்ப்ளே போர்ட்டின் 'டி' போன்ற குறியோ இருந்தால் தைரியமாக வாங்கலாம். குறி இல்லையென்றால் லேப்டாப்பின் மாடல் எண்ணைப் போட்டு அதன் விவரப் பட்டியலைப் பார்த்துவிட்டு வாங்குங்கள். பழைய மேக்கில் மினி டிஸ்ப்ளே போர்ட் இருந்தால், 2010 மாடல்களிலிருந்துதான் ஒலியும் சேர்ந்து வரும். விஜிஏவில் ஒலி வரவே வராது.

ஒயருக்கு அதிகம் செலவழிக்க வேண்டாம். தங்க முலாம், ஆக்சிஜன் இல்லாத செம்பு என்று விலை ஏற்றிச் சொல்வார்கள். டிஜிட்டல் ஒயரில் பிட் வந்து சேர்ந்தால் சேர்ந்ததுதான். சேராவிட்டால் சத்தம் விட்டு விட்டு வரும் அல்லது வரவே வராது, நமக்கே தெரிந்துவிடும். ஆப்டிகல் ஒயரை மட்டும் ஷோகேஸுக்குப் பின்னால் கூர்மையாக மடக்காதீர்கள், உள்ளிருக்கும் இழை ஒடிந்துவிடும்.

ஒயர் மாட்டியாயிற்று. இனி விண்டோஸில் செய்ய வேண்டியது. முதலில் டிவியையும் ரிசீவரையும் போட்டுவிட்டு லேப்டாப்பை இணையுங்கள், ரிசீவர் தூங்கிக்கொண்டிருந்தால் பட்டியலில் அதன் பெயரே வராது. செட்டிங்ஸில் சவுண்ட், அதில் கீழே 'மோர் சவுண்ட் செட்டிங்ஸ்'. 'பிளேபேக்' பட்டியலில் உங்கள் ரிசீவரின் பெயரோ அதற்குக் கீழே இன்டெல், என்விடியா, ஏஎம்டி என்று கிராஃபிக்ஸ் சிப்பின் பெயரோ தெரியும். எச்டிஎம்ஐ ஒலி கிராஃபிக்ஸ் சிப் வழியாகப் போவதால் அந்தப் பெயர். சவுண்ட் டிரைவரை எத்தனை முறை மாற்றிப் போட்டாலும் எச்டிஎம்ஐ ஒலி வராததற்குக் காரணமும் அதுவே. கிராஃபிக்ஸ் டிரைவரைத்தான் புதுப்பிக்க வேண்டும்.

அந்தப் பெயரைத் தேர்ந்தெடுத்து 'செட் டிஃபால்ட்' கொடுத்துவிட்டு, 'கான்ஃபிகர்' அமுக்குங்கள். ஸ்டீரியோ, 5.1, 7.1 என்று வரும். 5.1-ஐத் தேர்ந்தெடுத்து, படத்தில் இருக்கும் ஒவ்வொரு ஸ்பீக்கரையும் தனித்தனியாகச் சொடுக்குங்கள். எந்த ஸ்பீக்கரைச் சொடுக்கினீர்களோ அதுதான் ஒலிக்க வேண்டும். இடதும் வலதும் மாறியிருந்தால் இங்கேயே தெரிந்துவிடும், ஸ்பீக்கர் ஒயர் மாற்றி மாட்டிய வீடுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். இந்தச் சோதனையைச் செய்யாமல் படம் போடவே போடாதீர்கள். எஸ்பிடிஐஎஃப் கருவிகளுக்கு 'கான்ஃபிகர்' மங்கித்தான் இருக்கும், பழுதென்று பயப்பட வேண்டாம். அந்த ஒயர் இரண்டு சேனலுக்கானது என்பதால் அப்படி. அதில் ஆறு சேனல் வேண்டுமென்றால் பெரும்பாலும் பிளேயரின் பாஸ்த்ரூதான் வழி.

லினக்ஸில் 'பல்ஸ் ஆடியோ வால்யூம் கன்ட்ரோல்' என்ற சின்னச் செயலியைப் போட்டுக்கொண்டு, கான்ஃபிகரேஷன் பக்கத்தில் 'டிஜிட்டல் சரவுண்ட் 5.1 எச்டிஎம்ஐ' என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மேக்கில் 'ஆடியோ மிடி செட்டப்' உள்ளே போய் ஸ்பீக்கர் அமைப்பை மாற்றலாம்.

இங்கே எல்லோரும் சண்டை போடும் ஒரு கேள்வி வரும். சுருக்கிய கட்டை லேப்டாப்பே பிரித்து ஆறு சேனலாக அனுப்ப வேண்டுமா, ரிசீவரே பிரித்துக்கொள்ளட்டும் என்று அப்படியே அனுப்ப வேண்டுமா? எச்டிஎம்ஐயில் இரண்டும் முடியும். லேப்டாப் பிரித்து அனுப்பினால் ரிசீவரில் 'மல்டி சேனல்' என்று வரும். அப்படியே அனுப்பினால் 'டால்பி டிஜிட்டல்', 'டிடிஎஸ்' என்று அழகாகப் பெயர் எரியும். பெயர் எரிவதைப் பார்ப்பதில் ஒரு சந்தோஷம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் சாதாரண 5.1-க்கு ஒலித்தரத்தில் வித்தியாசம் எதுவும் கிடையாது. பிரிக்கும் கணக்கு ஒன்றேதான், அது லேப்டாப்பில் நடந்தால் என்ன, ரிசீவரில் நடந்தால் என்ன?

பாஸ்த்ரூ போட்டால் லேப்டாப்பின் வால்யூம் பட்டன் வேலை செய்யாது, மெயில் வந்தால் வரும் 'டிங்' சத்தமும் வராது. படம் பார்க்கும்போது அது நல்லதுதான். அட்மாஸ் வேண்டும் என்றால் மட்டும் பாஸ்த்ரூ கட்டாயம், உயரத்து ஸ்பீக்கர்களுக்கான தகவல் கட்டுக்குள் இருக்கிறது, அதைப் பிரிக்க ரிசீவருக்குத்தான் தெரியும். கேம் விளையாடுகிறவர்கள் விண்டோஸ் ஸ்டோரில் 'டால்பி ஆக்சஸ்' செயலியை எடுத்துக்கொள்ளலாம், ஹோம் தியேட்டருக்கான அட்மாஸ் அதில் இலவசம்.

ஆப்டிகலில் இன்னொரு சங்கடமும் உண்டு. இன்று கையில் இருக்கும் பல கோப்புகளில் ஒலி, ஏஏசி என்ற இன்னொரு சுருக்க வகையில் 5.1-ஆக இருக்கிறது. ஆப்டிகல் ரிசீவருக்கு ஏஏசி பொதுவாகப் புரியாது, ஆகவே ஸ்டீரியோவாக மாறித்தான் வரும். கோடி என்ற இலவச பிளேயரில் இதற்கு நல்ல தீர்வு இருக்கிறது. ஆடியோ அமைப்பில் சேனல் எண்ணிக்கையை 2.0 என்று வைத்து, பாஸ்த்ரூவை அனுமதித்து, 'டால்பி டிஜிட்டல் டிரான்ஸ்கோடிங்' என்பதை ஆன் செய்தால், எந்த 5.1 ஒலியையும் ஓடும்போதே டால்பி டிஜிட்டலாக மாற்றி அனுப்பிவிடும். எண்ணிக்கையை 2.0 என்று வைக்கச் சொல்வது முரணாகத் தோன்றும். அங்கே கேட்பது ஒயரின் சேனல் எண்ணிக்கையை, உங்கள் ஸ்பீக்கர்களின் எண்ணிக்கையை அல்ல.

நம் ஊரில் அசெம்பிள் செய்த ஆம்ப் வைத்திருக்கும் ரசிகர்கள் நிறையப் பேர். பெரிய டிரான்ஸ்ஃபார்மர், ஆறு சேனல் போர்டு, மரப் பெட்டியில் அவரவரே அடித்த சப்வூஃபர். அந்த உழைப்புக்கு நான் தலைவணங்குகிறேன். பின்னால் பார்த்தால் ஆறு ஆர்சிஏ மட்டும் இருக்கும், டிஜிட்டல் உள்ளீடு இருக்காது. சிலவற்றில் 'புரோலாஜிக் போர்டு' ஒன்று உட்கார்ந்து, வருகிற ஸ்டீரியோவிலிருந்து ஊகித்து ஆறாகப் பிரித்துக்கொண்டிருக்கும். ஊகம் ஊகம்தான். அவர்களுக்கு இரண்டு வழி. ஒன்று, ஆப்டிகல் உள்ளே வாங்கி ஆறு ஆர்சிஏ வெளியே தரும் 5.1 டிகோடர் பெட்டி. டால்பி, டிடிஎஸ் இரண்டையும் பிரிக்கிறதா என்று கடையிலேயே ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். இரண்டாவது, லேப்டாப்பில் யுஎஸ்பியில் செருகும் 5.1 சவுண்ட் பெட்டி. முன், பின், நடுவும் சப்பும் என்று மூன்று 3.5 மி.மீ. ஓட்டை இருக்கும், மூன்று ஒயர் போட்டால் ஆறு சேனலும் ஆம்ப்புக்குப் போய்விடும். இது அனலாக் வழி, ஆனால் ஆறும் தனித்தனியாக வருகிறது. எர்த் இரைச்சல் மட்டும் வரக்கூடும். பட்ஜெட் குறைவாக இருந்தால் எனக்கு இரண்டாவதுதான் பிடித்தம், எந்தக் கோப்பானாலும் லேப்டாப்பே பிரித்துக் கொடுத்துவிடும், பாஸ்த்ரூ தொந்தரவே இல்லை.

ப்ளூடூத்தை இந்த வேலைக்கு நினைக்கவே வேண்டாம். ஸ்டீரியோதான் போகும், உதடும் வசனமும் ஒட்டாமலும் போகலாம்.

ஓடிடி பார்ப்பதற்கு லேப்டாப்பை நம்ப வேண்டாம் என்பதும் என் முடிவு. பல சேவைகள் லேப்டாப்பின் பிரவுசரில் ஸ்டீரியோ மட்டுமே தருகின்றன. அதே படம் டிவியின் செயலியிலோ ஸ்டிக்கிலோ 5.1-ஆகவும் அட்மாஸாகவும் வரும். ரிசீவரின் எச்டிஎம்ஐயில் ஒரு ஸ்டிக்கைச் செருகி ஓடிடிக்கு அதை வைத்துக்கொள்ளுங்கள். கையில் இருக்கும் டிவிடி, ப்ளூ-ரே, கச்சேரிப் பதிவுகள், கேம் இவற்றுக்கு லேப்டாப்பை வைத்துக்கொள்ளுங்கள்.

எதையும் வாங்குவதற்கு முன்னால் ஒரு காரியம் செய்யுங்கள். ஆம்ப்பின் பின்பக்கத்தை, எல்லா ஓட்டையும் பெயரோடு தெரிகிற மாதிரி போனில் ஒரு போட்டோ எடுங்கள். லேப்டாப்பின் இரண்டு பக்கத்தையும் எடுங்கள். கடையில் வாயால் விளக்காமல் அந்தப் படங்களைக் காட்டிக் கேளுங்கள். பெட்டி எதுவானாலும் 5.1 படம் ஒன்றை ஓட்டி, ரிசீவரில் டால்பி என்று வருகிறதா என்று பார்த்து, வேலை செய்யாவிட்டால் திருப்பி எடுத்துக்கொள்வதாகக் கடைக்காரர் சொன்ன பிறகு காசைக் கொடுங்கள்.